யாரும் தட்டச்சு செய்யாத நான்கு எழுத்துகள்

எங்கள் நாளிதழின் இணைய மன்றத்தை மூடுவதென்று முடிவான மாதத்தில்தான் நானும் ஓய்வு பெற்றேன். இரண்டுக்கும் தொடர்பில்லை. வாசகர்கள் சண்டை போட வேறு இடங்கள் கிடைத்துவிட்டன. எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது. கடைசி வாரத்தில் வேலூர் அலுவலகத்தின் இணையப் பிரிவிலிருந்து புதியவர்கள் இருவர் திருவண்ணாமலைக்கு வந்திருந்தார்கள். பழைய பதிவுகளை எடுத்துப் பத்திரப்படுத்துவது அவர்கள் வேலை. அவர்களில் ஒரு பெண் கேட்டாள்.

"மேடம், இத்தனை வருஷத்துல எத்தன பேரத் தூக்கியிருப்பீங்க?"

மன்றத்திலிருந்து உறுப்பினரை நீக்குவதைத்தான் தூக்குவது என்கிறாள். கணக்கு வைத்துக்கொள்ளவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. மன்றத்தில் எனக்குக் "கத்திரிக்கோல் அம்மா" என்று பெயர் இருந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"தூக்காம விட்டதச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். உட்கார்ந்தார்கள். சொன்னதைக் கேட்டுவிட்டு, இதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் 1989இல் இந்த நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவளாகச் சேர்ந்தேன். அதற்கு முன் அச்சகம் ஒன்றில் அதே வேலை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பட்டத்தைத் தவறவிட்டால் பெண்வீட்டார் வந்து சத்தம் போடுவார்கள்; நாளிதழில் தவறவிட்டால் ஊரே வரும். வித்தியாசம் அவ்வளவுதான். சில ஆண்டுகளில் செய்தியும் எழுதத் தொடங்கினேன். பௌர்ணமி கூட்டம், நிலக்கடலை விலை, பஸ் கவிழ்ந்தது, கலெக்டர் ஆய்வு. பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. செய்தி ஆசிரியர் தாமோதரன் இருந்தார், அதுவே பயிற்சி.

தாமோதரன் சார் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் ஒருமையில் அழைத்ததும் இல்லை. பேனாவின் மூடியைக் கழற்றாமல் கையில் பிடித்திருப்பார். மூடி கழன்றால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். அதற்கப்புறம் பேசிப் பயனில்லை. அவர் எல்லோரிடமும், எல்லாவற்றுக்கும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எந்த வார்த்தை?"

அந்தக் கேள்வியின் பலத்தை நான் ஒரு அரிசி ஆலை விவகாரத்தில் பார்த்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு ஆலையைப் பற்றி எங்கள் நிருபர் ஒருவர் செய்தி கொடுத்திருந்தார். உரிமம் ரத்தான ஆலை இரவு பகலாக ஓடுகிறது என்று செய்தி வந்தது. மறுநாள் ஆலைக்காரர் வேனில் ஆட்களோடு வந்து இறங்கினார்.

"இன்னா சார் பேப்பர் நடத்துறீங்க? பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கினு இருக்கேன். மொதல் பக்கத்துல மன்னிப்பு போடுங்க. இல்ல, இங்கயே உக்காந்துடுவோம்."

"உக்காருங்க" என்றார் தாமோதரன் சார். நாற்காலிகள் போதவில்லை, பக்கத்து அறையிலிருந்து எடுத்துவரச் சொன்னார். பிறகு பேப்பரை அவர் முன்னால் விரித்துவைத்து, "எந்த வார்த்தை தப்பு?" என்றார்.

"எல்லாமே தப்பு சார்."

"ஆலை உங்களுதுதானே?"

"ஆமா."

"ராத்திரியும் ஓடுதா?"

"சீசன் சார். ஓடும்."

"உரிமம் இருக்கா?"

ஆலைக்காரர் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "புதுப்பிக்கக் குடுத்திருக்கு. ஆபீஸ்ல இழுத்தடிக்கிறான். ரத்தெல்லாம் பண்ணல."

"அப்போ 'ரத்து'ங்கிற வார்த்தை தப்பு."

பேனா மூடி கழன்றது. அடுத்த நாள் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இரண்டு வரி வந்தது. ரத்து செய்யப்படவில்லை, புதுப்பிக்கப்படாமல் உள்ளது. மன்னிப்பு கேட்டோம், அந்த ஒரு வார்த்தைக்கு. முதல் பக்கம் கேட்டவர் அதை வாங்கிக்கொண்டு போனார். ஏனென்றால் அவரால் அதில் ஒன்றையும் மறுக்க முடியவில்லை. "தப்பு எவ்ளோவோ திருத்தமும் அவ்ளோதான். கம்மியாப் போட்டா நம்ம மேல சந்தேகம் வரும். ஜாஸ்தியாப் போட்டா நாம எழுதின மத்ததும் பொய்யின்னு ஆயிடும்" என்றார் சார். நான் கேட்டதற்காகச் சொன்னார். கேட்காவிட்டால் அதையும் சொல்லியிருக்க மாட்டார்.

நாளிதழ் 2001இல் இணையத்தில் வாசகர் மன்றம் தொடங்கியது. அதற்கு மட்டுறுத்துபவர் ஒருவர் தேவைப்பட்டார். வருகிற பதிவுகளைப் படித்து, எதை விடலாம், எதை நிறுத்த வேண்டும் என்று பார்க்கிற வேலை. வேலூரில் யாரும் ஏற்க முன்வரவில்லை. கணினி பற்றிய வேலை என்று நினைத்தார்கள். தாமோதரன் சார் என்னைக் கூப்பிட்டார். "இது மெய்ப்புத் திருத்துற வேலைதான் சரோஜாம்மா. ஒரே வித்தியாசம், எழுதினவங்க திருப்பித் திட்டுவாங்க."

எனக்குத் திருவண்ணாமலையிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு மாடி அறை. அங்கே தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்காக இணைய வசதி மாவட்டத்தின் மற்ற ஊர்களுக்கு முன்பே அந்தச் சாலைக்கு வந்திருந்தது. கீழே ஒரு காபிக் கடை, பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர், மேலே நான். தமிழில் உலகம் முழுவதிலிருந்தும் வந்த சண்டைகள் அந்த அறை வழியாகத்தான் போயின.

என் முறை எளிமையானது. ஒவ்வொரு பதிவும் முதலில் எனக்கு வரும். கருத்தைத் தொட மாட்டேன். ஆளைத் தொட்டிருந்தால் எழுதியவருக்கே திருப்பி அனுப்புவேன், எந்த வார்த்தைக்காகத் திருப்புகிறேன் என்று குறித்து. பாதிப் பேர் அந்த வார்த்தையை மாற்றி அனுப்புவார்கள். மீதிப் பேர் என்னைத் திட்டி அனுப்புவார்கள். உறுப்பினர்கள் புனைபெயரில் எழுதலாம். நான் மட்டும் சொந்தப் பெயரில் எழுத வேண்டும். இது தாமோதரன் சார் விதித்தது. "தீர்ப்பு சொல்றவங்க முகத்த மூடிக்கக் கூடாது."

மிகுதியான சண்டை நகலெடுப்பதைப் பற்றித்தான் வந்தது. வார இதழ்த் தொடர்கதையை அப்படியே தட்டச்சு செய்து போடுவார்கள். புதுப்படத்தை இறக்கிக்கொள்ளும் இணையச் சுட்டியைப் போடுவார்கள். கிரிவலப் பாதையில் விற்கிற பக்திப் பாடல் கேசட்டைக் கணினியில் ஏற்றி ஒருவர் பகிர்ந்தபோது, பாடியவரின் தம்பி அதை எடுக்கச் சொல்லி எழுதினார். உடனே பதில்: "சாமி பாட்டுக்குக் காசா? ஈசன் உங்ககிட்ட கையெழுத்து வாங்கினாரா?" தம்பி விடவில்லை: "ஈசன் வாங்கல. ஸ்டுடியோக்காரன் வாங்கிட்டான்." சிரித்துக்கொண்டே இரண்டையும் விட்டேன், சுட்டியை மட்டும் எடுத்தேன்.

திருட்டுப் புகார் வந்தால் தனி முறை. விவாதத்தை நிறுத்த மாட்டேன். புகாருக்கு உள்ளான பொருளின் சுட்டியை மட்டும் மறைத்துவைப்பேன். புகார் சொன்னவரிடம் தொலைபேசியில் பேசுவேன். புகாருக்கு உள்ளானவரிடமும் பேசுவேன். இருவரும் எழுதித் தர வேண்டும். நான் விசாரித்து முடிவை வெளியிடும்வரை இருவரில் எவருக்கும் அதை முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். வெளியிட்ட பிறகு மாற்ற மாட்டேன். செய்தித்தாளில் செய்தி எழுதும் முறைதான் இது, கொஞ்சம் இறுக்கியது.

அந்த முறையை முழுதாகச் சோதித்தது அமான் பாய் வழக்கு.

அப்போது தமிழ் இணையத்தில் பெரிய தலைவலி எழுத்துரு. ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு எழுத்துருவை வைத்திருந்தது. அது உங்கள் கணினியில் இல்லையென்றால் திரையில் கோழி கிளறிய மாதிரி தெரியும். விலைக்கு விற்ற எழுத்துருக்களைப் பலர் பிளாப்பியில் நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் மன்றத்தில் "அடிவாரம்" என்ற புதிய எழுத்துரு இலவசமாக வந்தது. கனமான, வட்டமான, தூரத்திலிருந்தும் படிக்கக்கூடிய எழுத்து. சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருந்தவர்கள் இறக்கிக்கொண்டு வாழ்த்தி எழுதினார்கள். கொடுத்தவர் பெயர் அமான்.

அமானுல்லா திருவண்ணாமலைக்காரர். மூன்று தலைமுறையாக ஊரில் இருக்கும் குடும்பம். பஸ் ஸ்டாண்டு பக்கம் "அமான் ஆர்ட்ஸ்" என்ற கடை. இருபது ஆண்டுகளாகப் பெயர்ப்பலகை எழுதுபவர். பஸ்களின் முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் ஊர்ப் பெயர்கள் பாதிக்குமேல் அவர் கை. ஃபிளெக்ஸ் வந்தபோது புலம்பிக்கொண்டு உட்காராமல் தவணையில் கணினி வாங்கி அதையும் கற்றுக்கொண்டார். தன் தகரப் பலகை எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்து எழுத்துரு ஆக்கினார். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அவர் ஊர்க்காரர் என்பதே புகார் வந்த அன்றுதான் தெரியும்.

புகார் கொடுத்தவர் சென்னையில் எழுத்துரு நிறுவனம் நடத்திய வெங்கடேசன். "அடிவாரம்" தன் நிறுவனத்தின் எழுத்துருவிலிருந்து முழுவதும் திருடப்பட்டது என்று எழுதினார். ஆதாரமாக ஒரு படம் போட்டார். அதில் இரண்டு எழுத்துருக்களின் ஞூ, அருகருகே, திரை அளவுக்குப் பெரிதாக்கப்பட்டிருந்தது. அவர் எழுத்தின் வாலுக்கு உட்புறத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. சாதாரண அளவில் கண்ணுக்குத் தெரியாது. வேண்டுமென்றே வைத்த அடையாளம். அமானின் எழுத்திலும் அதே வெட்டு, அதே இடத்தில்.

தொலைபேசியில் அவரிடம் கேட்டேன், ஏன் ஞூ என்று.

"அந்த எழுத்த யாரும் உபயோகிக்கிறதில்ல மேடம். ஙு, ஙூ, ஞு, ஞூ. எந்தச் சொல்லுலயும் வராது. ஆனா எழுத்துருன்னா அந்தக் கட்டமும் நிரம்பியிருக்கணும். நகலடிக்கிறவன் நல்லாத் தெரியற எழுத்தையெல்லாம் கொஞ்சம் வளைச்சு நெளிச்சு மாத்துவான். யாரும் பாக்காத எழுத்த அப்படியே விட்டுடுவான். பூட்டு அங்கதான் போட்டிருக்கேன்."

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. சொந்தக் காசைப் போட்டு, ஆட்களை வைத்து வரைந்த எழுத்துகள் அவருடையவை. அவற்றை இலவசமாகக் கொடுத்துத் தர்மவான் பட்டம் வாங்குகிறவர்கள் மேல் அவருக்குக் கோபம். அமான் மன்றத்தில் மன்னிப்பு கேட்டு எழுத்துருவை அழிக்க வேண்டும். இல்லையென்றால் போலீசில் புகார், கடையில் உள்ள கணினி பறிமுதல். மன்னிப்பு அறிக்கையை அவரே எழுதி அமானுக்கு அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும்.

மன்றம் இரண்டாகப் பிளந்தது.

"தமிழ் எழுத்துக்குக் காப்புரிமையா? அகரம் என்ன உங்க தாத்தா சொத்தா?"

"ஓசியில வாங்கறவன் வாய்தான் எப்பவும் நீளம்."

"வரைஞ்சவன் வயித்துல அடிச்சிட்டுத் தமிழ் வளக்கறீங்களா?"

"ஒரு எழுத்துக்கு ஒரு கோணல் ஒத்துப்போச்சுன்னா திருடனா? அப்போ எங்க ஊர்ல பாதிப் பேரு மூக்கு திருட்டு மூக்குதான்."

இவற்றையெல்லாம் விட்டேன். "கடல்கடந்தவன்" என்ற பெயரில் எழுதிய ஒருவர் மட்டும் வேறு ரகம். நீண்ட நாள் உறுப்பினர், நன்றாக எழுதுவார். திருடனின் கடை எங்கே இருக்கிறது என்று, என் பார்வைக்கு வராத தனிமடலில் மற்ற உறுப்பினர்களைக் கேட்டார். யாரோ சொன்னார்கள். கடைத் தொலைபேசி எண்ணையும் அதே வழியில் பரப்பினார். எனக்குத் தெரியவருவதற்குள் சிலர் அதை எழுதிக்கொண்டார்கள். மன்றத்துக்கு அனுப்பிய அடுத்த பதிவில் அமானின் மதத்தை இழுத்தார். என் முறைப்படி எந்தப் பதிவையும் திருப்பி அனுப்புவேன் என்று சொன்னேன். அதைத் திருப்பவில்லை. அழித்தேன்.

கடைக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. ஒரு பள்ளிக்கூடம் ஆண்டு விழாப் பலகையை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டது.

நான் விசாரணையைத் தொடங்கினேன். இரண்டு எழுத்துருக்களும் வேண்டும். அமானுடையது இலவசம். வெங்கடேசனிடம் அவருடையதைக் கேட்டேன்.

"உங்களுக்கு அனுப்பினா அது எங்கெல்லாம் போகுமோ மேடம்" என்றார். கொடுக்கவில்லை.

தேவைப்படவும் இல்லை. எங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பு அவருடைய எழுத்துருவில்தான் ஓடியது. முறையாக விலை கொடுத்து வாங்கியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் அவருடைய வாடிக்கையாளர். நான் அவர் கொடுத்த புகாரை விசாரிக்கிறேன். தாமோதரன் சாரை அழைத்துச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. அதையும் முடிவுல எழுதிடுங்க. முதல் வரியா."

"அவர் கோவிச்சுக்கிட்டு எழுத்துருவ நிறுத்திட்டா?"

"ஞாயித்துக்கிழம வேற எழுத்துல வரும். ஞாயித்துக்கிழமதான் மாறாது."

வேலூரில் ஒவ்வொரு எழுத்தையும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி, பக்க வடிவமைப்புக்குப் பயன்படுத்தும் மெல்லிய டிரேசிங் தாளில் அச்சடித்து வாங்கினேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தேன். அகரத்திலிருந்து தொடங்கினேன். பொருந்தவில்லை. சுழி வேறு, தடிமன் வேறு, சாய்வு வேறு. அமானின் ண-வில் கடைசிக் கால் சற்று நீண்டு இறங்கியது. வெங்கடேசனுடையதில் கால்கள் மூன்றும் சமம். தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நின்றிருந்த பஸ்களின் நெற்றியில் "திருவண்ணாமலை" என்று இருந்தது. ஒவ்வொன்றிலும் அந்த நீண்ட கால். பழைய மருந்துக் கடைப் பலகையிலும், ஆட்டிறைச்சிக் கடைப் பலகையிலும் அதேதான். பலகைகளுக்கு வெங்கடேசனின் நிறுவனத்தைவிட வயது அதிகம்; கடைக்காரர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒரு கண்டக்டர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எந்த ஊருக்கும்மா போவணும்? போர்டையே பாத்துக்கினு இருக்கீங்க" என்றார்.

பொருந்திய எழுத்துகள் நான்கு. ஙு, ஙூ, ஞு, ஞூ. மயிரிழை பிசகாமல் பொருந்தின.

ஆக வெங்கடேசன் சொன்னது உண்மை. அவர் சொன்ன அளவுக்கு உண்மை இல்லை. இதை எழுத வேண்டும். அதற்குமுன் அமானின் பதில் வேண்டும். அவர் அதுவரை எழுதித் தந்தது ஒரே வரி: "நான் திருடன் இல்லை."

வியாழக்கிழமை அவரே மாடியேறி வந்தார். உயரமான மனிதர், சட்டைக் கையில் காய்ந்த பெயிண்ட். கையில் வெங்கடேசன் அனுப்பிய மன்னிப்பு அறிக்கை. உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினார்.

"மேடம், கையெழுத்துப் போட்டுட்றேன். வூட்ல அழுவுறாங்க. போலீஸ் வந்து கம்ப்யூட்டர எடுத்துக்கினு போனா தெருவே வேடிக்கை பாக்கும். எங்க அப்பாவும் போர்டு எழுதினவரு. கடையப் பாத்து ஒருத்தன் கை நீட்டிப் பேசினதில்ல."

"இந்த அறிக்கையப் படிச்சீங்களா பாய்?"

"படிச்சேன். போடலாமா வேணாமா? நீங்க சொல்லுங்க. நீங்கதான விசாரிக்கிறீங்க."

அவரிடம் எதுவும் சொல்லக் கூடாது. என் முடிவு என்ன என்று தெரிந்தால் அவர் கையெழுத்துப் போடமாட்டார், தெரியாவிட்டால் போட்டுவிடுவார். போட்டுவிட்டால் முழு எழுத்துருவும் திருட்டு என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்குமேல் நான் எழுதுவதற்கு மதிப்பில்லை. பக்கத்து அறைக்குப் போய் வேலூருக்குத் தொலைபேசி செய்தேன். நிலைமையைச் சொன்னேன்.

"முடிவச் சொல்லாதீங்க" என்றார் தாமோதரன் சார்.

"சொல்லலேன்னா போட்டுடுவார் சார்."

"அவர்கிட்ட இருக்கறது ஒரு அறிக்கைதானே? அறிக்கைகிட்ட நாம என்ன கேப்போம்?"

திரும்பி வந்தேன். அறிக்கையை மேசைமேல் விரித்துவைத்தேன். என் பேனாவை அவரிடம் கொடுத்தேன்.

"பாய், இதுல எந்த வார்த்தை நெசம்? நெசத்த விட்டுட்டு மத்தத அடிங்க."

அவர் உட்கார்ந்தார். முதல் வரி: நான், அமானுல்லா, அடிவாரம் எழுத்துருவை உருவாக்கியவன் என்று இதுவரை சொல்லிவந்தது பொய். அதை அடித்தார். அழுத்தி அடித்தார், தாள் கிழிந்தது. அடுத்த வரி: எல்லா எழுத்துகளையும் மேற்படி நிறுவனத்தின் எழுத்துருவிலிருந்து நகலெடுத்தேன். பேனா "எல்லா" என்ற சொல்லின்மேல் வந்து நின்றது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கீழே காபிக் கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேடம்" என்றார். "இந்த வரிய முழுசா அடிக்க முடியாது."

"ஏன்?"

"நாலு எழுத்து எடுத்தேன்."

அவரே தொடர்ந்தார்.

"இருவது வருசமா போர்டு எழுதறேன். 'ஙு' எழுதுன்னு ஒரு கடைக்காரனும் வந்ததில்ல. எப்டி வளையும்னு கைக்கே தெரியாது. கட்டத்தக் காலியா வுட்டா வெறும் டப்பாவாக் காட்டுது. ஒருத்தர் அவங்க எழுத்துரு பிளாப்பி குடுத்திருந்தாரு. நாலு எழுத்துதான, எவன் பாக்கப்போறான்னு எடுத்து வெச்சிட்டேன். அது திருட்டுன்னே தோணல மேடம். இன்னும் பாதி தோணல. ஆனா வரைஞ்சது நான் இல்ல."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதினா திருடன்னு ஆயிடாது?"

"எழுதினா என்ன ஆவுமோ எனக்குத் தெரியாது. என்ன நடந்துச்சோ அது மட்டும் எழுதுங்க. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

அவர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேறு தாள் கேட்டார். பலகை எழுதுகிறவர் கையெழுத்து, அச்சுப் போலிருந்தது. நான்கு வரி எழுதினார். இரண்டாவது வரியில் ஒருமுறை நிறுத்தினார், அடித்தல் இல்லை. கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை என் முடிவை மன்றத்தில் வெளியிட்டேன். முதல் வரியில் எங்கள் நாளிதழ் வெங்கடேசன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்று அறிவித்தேன். எப்படி ஒப்பிட்டேன் என்று எழுதினேன். நான்கு எழுத்துகள் அந்த நிறுவனத்தின் எழுத்துருவிலிருந்து அனுமதியின்றி எடுக்கப்பட்டவை. மற்றவை அமானுல்லாவின் கை. நான்கையும் நீக்கும்வரை அடிவாரத்தின் சுட்டி மறைக்கப்பட்டிருக்கும். அதன் கீழே அமான் எழுதித் தந்ததை ஒரு எழுத்தும் மாற்றாமல் சேர்த்தேன்:

"ஙு, ஙூ, ஞு, ஞூ ஆகிய நான்கையும் நான் வரையவில்லை. கேட்காமல் எடுத்தேன், அது தப்பு. மற்ற எழுத்துகளை நான் வரைந்தேன். பார்க்க வேண்டியவர்கள் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் பார்க்கலாம்."

என் முடிவு ஒரு பக்கம். அவருடையது நான்கு வரி. அவருடையதுதான் நல்ல திருத்தம்.

மதியம் வெங்கடேசன் அழைத்தார். குரலில் சூடு இருந்தது. "நாலு எழுத்துன்னு போட்டுச் சின்ன விஷயமாக்கிட்டீங்க."

"எந்த வார்த்தை தப்பு சார்?"

"தப்புன்னு சொல்லல."

"அஞ்சாவது எழுத்து பொருந்தினாச் சொல்லுங்க. இன்னிக்கே போடறேன்."

அவரிடம் கணினி இருந்தது; இரண்டு எழுத்துருக்களும் இருந்தன. திங்கட்கிழமை மறுபடி அழைத்தார். முதல் முறையாக அவர் சிரித்துக் கேட்டேன். "அந்த ண-வோட காலு... எங்க டிசைனர் பாத்துட்டு, இத எங்க புடிச்சாருன்னு கேக்கறாரு மேடம்." போலீசுக்குப் போகவில்லை. மன்றத்தில் ஒரே வரி எழுதினார்: "முடிவில் மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை." திட்டுபவர்களும் வாழ்த்துபவர்களும் நிறைந்த அந்த மன்றத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். தோற்றவர் சொன்னதல்ல, ஜெயித்தவர் சொன்னதல்ல. அளவை ஒப்புக்கொண்டவர் சொன்னது.

கடல்கடந்தவன் ஒப்புக்கொள்ளவில்லை. "நாலு எழுத்துத் திருடினாலும் திருடன் திருடன்தான்" என்று எழுதினார். "திருடன்" என்ற சொல்லைக் குறித்துத் திருப்பி அனுப்பினேன்: நான்கு எழுத்துகளை எடுத்தவர் என்று எழுதலாம், விடுகிறேன். மூன்று முறை அதையே அனுப்பினார். மூன்று முறையும் திருப்பினேன். பிறகு என்னைத் திட்டி ஒரு நீண்ட மடல் எழுதிவிட்டு அவரே மன்றத்தை விட்டுப் போனார். நான் தூக்கவில்லை.

அமான் பாய்க்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. நான்கு கட்டங்களைக் காலியாக விட்டு வெளியிடலாம் என்று நான் சொன்னேன், யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் ஒப்பவில்லை. ஆனால் அவருக்குக் கணினியில் நேராக வரைய வராது. முதலில் தகரத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். பலகைக்கு ஒரு பெயர் வேண்டும், பெயருக்கு ஒரு கடை வேண்டும். அந்த எழுத்துகளில் எந்தக் கடையும் இல்லை. கடைசியில் வெறும் எழுத்துகளையே எழுதினார்.

நான் அந்தப் பக்கம் போனபோது மஞ்சள் தகரத்தில் கருப்பு எனாமலில் நான்கும் வரிசையாக, காய்வதற்காகக் கடை வாசலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஞூ-வின் வால் தாராளமாகச் சுழன்று வந்து, பஸ் பலகையில் ண-வின் கால் இறங்குவது போலச் சற்று நீண்டு நின்றது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். பலகையை ஒருமுறை வாசிக்க முயன்றார்.

"இன்னா கடை பாய் இது?"

"தெரியலப்பா" என்றார் அமான் பாய். "எழுத்து மட்டும் என்னுது."